உலகம் கஜபதிக்குத் தெரியாத கேள்வி

திருத்தணியில் போய்க் கஜபதி வீடு எது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பக்கம் கை காட்டுவார்கள். ‘உலகம்’ வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிடும். ரயிலடிக்கும் மலையடிவாரத்துக்கும் நடுவே நெசவாளர் தெருவில் ஒரு ஓட்டு வீடு. உள்ளே ஒரு தறி, அதில் கஜபதி லுங்கி நெய்வான். பக்கத்தில் அவன் அம்மா ரத்தினம்மாள் இராட்டையில் ஊடை நூலைக் குச்சியில் ஏற்றித் தார் சுற்றுவாள். பொதட்டூர்பேட்டை முதலாளி நூல் கொடுத்து லுங்கியாக வாங்கிக்கொள்வார். இவ்வளவுதான் அந்த வீட்டின் வரவும் செலவும்.

உலகம் என்ற பேர் சும்மா வரவில்லை. உலகத்தில் எதைக் கேட்டாலும் அவன் சொல்வான். மங்கோலியாவின் தலைநகரம், சிரிக்க வைக்கும் வாயு, வெளிச்சத்தின் வேகம், மாஸ்கோவில் ரயில் ஏறினால் கடைசியில் எந்த ஊரில் கொண்டுபோய் இறக்குவான் என்பது வரைக்கும் நாக்கு நுனியில் இருக்கும். மாஸ்கோ எதற்கு, அரக்கோணம் தாண்டி அவன் பார்த்த ஊர் மெட்ராஸ் ஒன்றுதான். அது வேறு விஷயம்.

இந்தப் பைத்தியம் எங்கே பிடித்தது என்றால், அவன் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது. அதுவரை திருத்தணி ஆந்திராவில் இருந்தது. நம் மாவட்டம் சித்தூர், நம் தலைநகரம் ஹைதராபாத் என்று தெலுங்கிலே பாட்டு மாதிரி படித்து வைத்திருந்தான் பிள்ளை. அறுபதாம் வருஷம் ஏப்ரலில் ஊரை மெட்ராஸ் ராஜ்யத்தோடு சேர்த்தார்கள். புதிதாக வந்த வாத்தியார் தலைநகரம் எது என்று கேட்டார். இவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஹைதராபாத் என்றான். மண்டையில் நறுக்கென்று ஒரு குட்டு. போன மாசம் அதே பதிலுக்கு இதே வகுப்பில் அவனைக் கை தட்டிப் பாராட்டியிருந்தார்கள்! ஊர் அப்படியே இருக்கிறது, மலை அப்படியே இருக்கிறது, பதில் மட்டும் தப்பாகிவிட்டது. இனிமேல் யாரும் தன்னைப் பதில் தெரியவில்லை என்று குட்டக்கூடாது என்று அன்றைக்கு முடிவு கட்டினான். பத்து வயசுப் பிள்ளையின் ரோஷம்தான். ஆனால் அந்த ரோஷம் அவனை விடவே இல்லை.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்தான். அதற்கு மேல் படிக்க வைக்க வீட்டில் ஆள் இல்லை. அப்பா துளசிங்கத்துக்கு நெஞ்சில் காசநோய். தாம்பரத்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஊசியும் மாத்திரையுமாகப் போட்டு மனுஷனைத் துரும்பாக்கிவிட்டார்கள் என்று ரத்தினம்மாள் பயந்து, யார் சொல்லியும் கேட்காமல் அவரைத் தன் பிடிவாதத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்து நாட்டு மருந்து கொடுத்தாள். இரண்டே மாசம். போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்கப்புறம் அவள் சோறு தண்ணி இல்லாமல் கிடந்த கிடை இருக்கிறதே, அதைப் பார்த்தவர்கள் இன்னமும் சொல்வார்கள். “நான்தான் கொன்னேன், என் கையாலயே கொன்னேன்” என்று சுவரில் தலையை மோதிக்கொள்வாள். தெருப் பெண்கள் மாற்றி மாற்றிக் காவல் இருந்துதான் அவளை மீட்டார்கள். கஜபதி அதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தவன், மோதுகிற தலையைக் கையால் தாங்கிப் பிடித்தவன்.

பிறகு அவள் எழுந்து இராட்டையில் உட்கார்ந்தது ஒரே ஒரு நினைப்பில்தான். மகனுக்கு ரயில்வே வேலை கிடைக்க வேண்டும். அந்த ஊர்ப் பக்கத்தில் ரயில்வே வேலை என்றால் அரசனாவது மாதிரி. அரக்கோணத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கிறவர்கள் பெண் பார்க்க வந்தால் தெருவே எழுந்து நிற்கும். கஜபதிக்கும் அதுதான் ஆசை. அவனோடு படித்த எலியேசர் அரக்கோணத்தில் ரயில்வேயில் சேர்ந்திருந்தான். பழைய பொது அறிவுப் புத்தகங்களைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து கொடுப்பான். கஜபதி அவற்றைத் தறியின் ஓரத்தில் விரித்துவைத்து, நூலை ஓட்டுகிற நாடாவின் கயிற்றை ஒரு கையால் இழுத்துக்கொண்டே கேள்வியையும் பதிலையும் உரக்கப் படிப்பான். தறிச் சத்தத்தை மீறிப் படிக்க வேண்டுமே, கத்தித்தான் ஆக வேண்டும்.

வீரபத்திரன் டீக்கடையில் அவனை வைத்து நல்ல பொழுதுபோக்கு. கிருத்திகைக்கு வருகிற வெளியூர்க்காரர்களிடம் வீரபத்திரன் சவால் விடுவான். “எங்க ஊரு உலகம் இருக்கான், கேளுங்க, எது வேணா கேளுங்க!” அவர்கள் கேட்பார்கள். இவன் சொல்வான். அவர்கள் வாயைப் பிளப்பார்கள். அவர்களுக்குப் பதில் சரியா தப்பா என்றே தெரியாது என்பது வேறு. ஆனாலும் கஜபதிக்கு அந்த நேரம் உடம்பெல்லாம் பூரிக்கும். அவனுக்கென்று இருந்த மரியாதை உலகத்தில் அது ஒன்றுதான்.

ஆனால் பரீட்சை டீக்கடை இல்லையே. முதல் தடவை இங்கிலீஷ் அவனைக் கவிழ்த்தது. அடுத்த தடவை எழுத்தில் தேறினான், நேரில் கூப்பிட்ட இடத்தில் நடுக்கத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. இன்னொரு தடவை ஏன் தேறவில்லை என்று அவனுக்கே தெரியாது. ஒவ்வொரு தடவையும் ரத்தினம்மாள் மலையைப் பார்த்துக் கையெடுத்து, “வேல கிடைக்கட்டும் முருகா, என் புள்ள முடிய உனக்குத்தான் குடுப்பேன்” என்று வேண்டிக்கொள்வாள். முருகன் அசையவில்லை.

எழுபத்தைந்தாம் வருஷம். ரயில்வே கிளார்க் பரீட்சைக்கு வயது வரம்பு இருபத்தைந்து. அந்த வருஷத்தோடு அவனுக்குக் கதவு மூடிவிடும். ஆடிக் கிருத்திகை முடிந்த ஞாயிற்றுக்கிழமை மெட்ராஸில் பரீட்சை. ஹால் டிக்கெட் வந்துவிட்டது. அரக்கோணத்து ஸ்டுடியோவில் எடுத்த போட்டோ அதில் ஒட்டியிருந்தது. சுருட்டை முடியை நெற்றியில் விட்டு, மீசையைக் கூர்மையாக வெட்டி, சினிமாக்காரன் தோற்றான் போங்கள்.

கிருத்திகைக்கு முதல்நாள் ரத்தினம்மாள் மகனைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னாள்.

“இந்த வாட்டி நான் வேற மாதிரி பண்ணப் போறன்டா. ஒவ்வொரு தபாவும் வேல குடு, அப்புறம் முடி தரேன்னு சொல்லிகினு இருந்தேன். கடன் சொன்னா எந்தக் கடக்காரன் சாமான் குடுப்பான்? இந்த வாட்டி ரொக்கம். மொதல்ல முடிய குடுத்துடுவோம்.”

கஜபதி சிரித்தான். “ஏம்மா, சாமி இன்னா மளிகக் கடயா வெச்சிருக்காரு?”

“சிரிக்காதடா. இதான் கடசி வாட்டி. உங்க நைனா விசயத்துலதான் நான் தப்பு பண்ணிட்டேன். உன் விசயத்துல ஒண்ணும் கொற வெக்க மாட்டேன்.”

நைனா பேச்சு வந்துவிட்டால் கஜபதி வாயைத் திறக்க மாட்டான். மறுநாள் காவடிக் கூட்டத்தில் இடிபட்டு மலைக்குப் போய், சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றான். முடியோடு மீசையும் போயிற்று. தலை முழுக்கச் சந்தனம் பூசிக்கொண்டு இறங்கினான். ஊரில் பாதிப் பேர் அன்றைக்கு அப்படித்தான் இருந்தார்கள். திருத்தணியில் மொட்டைத் தலை ஒரு விசேஷமா? யாருக்கும் கண்ணில் படவே படாது. அம்மாவுக்குத் தோன்றாதது இருக்கட்டும், உலகத்தையே மண்டைக்குள் வைத்திருந்த இந்த மகராசனுக்கும் அந்தப் போட்டோ நினைவுக்கு வரவில்லையே, அதை என்னவென்று சொல்ல!

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் வண்டியில் போனான். பரீட்சை ஒரு பள்ளிக்கூடத்தில். எமர்ஜென்சி வந்த புதிது, எல்லாரும் எல்லாவற்றுக்கும் பயந்துகொண்டிருந்த சமயம். வாசலில் கண்ணாடி போட்ட அதிகாரி ஒருவர் ஒவ்வொரு ஹால் டிக்கெட்டையும் வாங்கி முகத்தோடு ஒப்பிட்டு உள்ளே விட்டார். கஜபதியின் முறை வந்தது. அவர் போட்டோவைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், மறுபடி போட்டோவைப் பார்த்தார்.

“யாருய்யா இது?”

“நான்தாங்க சார்.”

“நீயா? இதுல இருக்கிற முடி எங்க, மீசை எங்க?”

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. “ஆடிக் கிருத்திகைக்கு மொட்ட போட்டேன் சார். திருத்தணி சார் எனக்கு. இதோ சார், மொட்ட சீட்டு” என்று சட்டைப் பையிலிருந்து கோயில் சீட்டை எடுத்து நீட்டினான்.

“இதுல பேரே இல்லையே.”

“அதுல பேரு போட மாட்டாங்க சார்.”

அவர் கையெழுத்துப் போடச் சொன்னார். பதற்றத்தில் அவசரமாகக் கிறுக்கினான். ஹால் டிக்கெட்டில் இருந்தது ஒரு மாதிரி, இப்போது விழுந்தது ஒரு மாதிரி. பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். மணி அடிக்கப் போகிறது. கஜபதி தன்னிடம் இருந்த ஒரே சொத்தை எடுத்து வெளியே வைத்தான்.

“சார், நான் நெஜமாலுமே படிச்சவன் சார். வேணும்னா கேள்வி கேளுங்க. எது வேணா கேளுங்க சார்.”

அதிகாரிக்கும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. “ரயிலே இல்லாத நாடு ஒண்ணு சொல்லு.”

“ஐஸ்லாந்து சார்.”

“பலுசிஸ்தான்ல பேசற திராவிட மொழி?”

“பிராகுயி சார்.”

“நீளமான பிளாட்பாரம்?”

“கரக்பூர் சார். பழைய புஸ்தகத்துல சோன்பூர்னு போட்டிருப்பான், அது இப்ப மாறிப்போச்சு சார்.”

முகத்தில் வெளிச்சத்தோடு நின்றான், பாவி. டீக்கடையில் கை தட்டுவார்களே, அப்படி ஏதோ நடக்கும் என்று நினைத்துவிட்டான். அதிகாரியின் முகம் இறுகிப்போயிற்று.

“இவ்வளவு தெரிஞ்சவனைத்தான்யா தனக்குப் பதிலா எழுதப் பணம் குடுத்து அனுப்புவான். ஒண்ணும் தெரியாதவனையா அனுப்புவான்? போன தடவையும் ஒருத்தன் இதே மாதிரி மழிச்சிக்கிட்டு வந்து மாட்டினான். போலீசைக் கூப்பிடறதுக்கு முன்னாடி போயிடு.”

“சார், எனக்கு இதான் சார் கடசி...”

மணி அடித்துவிட்டது. கதவைச் சாத்தினார்கள். அந்த அதிகாரியைத் திட்டவும் வழியில்லை. அவர் பார்த்த போட்டோவும் எதிரே நின்ற ஆளும் பெற்றவள் தவிர யாருக்கும் ஒன்றாகத் தெரிந்திருக்காது.

கஜபதி வெகுநேரம் சென்ட்ரல் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தான். பரீட்சை முடிகிற நேரம் பார்த்து வண்டி ஏறினான். வீட்டில் ரத்தினம்மாள் வடையும் பாயசமும் செய்துவைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். “எப்டிடா எழுதின?” என்றாள். அந்த முகத்தைப் பார்த்தான். “நல்லா எழுதினேம்மா” என்று சொல்லிவிட்டான்.

எலியேசரிடம் மட்டும் உள்ளதைச் சொன்னான். அவன் கொதித்துப்போனான். மறுநாளே இழுத்துக்கொண்டு மெட்ராஸுக்குப் போய், யார் யாரையோ பிடித்து, ஒரு தலைமைக் குமாஸ்தா முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். குமாஸ்தா நல்ல மனுஷர். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அப்பா இல்லேங்கற. சரி, உங்கம்மா கிராம முன்சீப் முன்னாடி வந்து, இவன் என் மகன்தான், பரீட்சைக்கு முன்னாடி மொட்டை போட வெச்சது நான்தான்னு கைநாட்டு வெச்சுக் குடுக்கட்டும். மறுபடி எழுத விடச் சொல்லி மேல அனுப்பிப் பாக்கறேன். நிச்சயமா எதுவும் சொல்ல முடியாது. வழி இருக்கு.”

திரும்பி வருகிற வண்டியில் எலியேசருக்கு ஒரே உற்சாகம். “நாளைக்கே முன்சீப்பைப் பாத்துடலாம்டா” என்றான். கஜபதி ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, “வேணாம்டா” என்றான். 

“இன்னாடா வேணாம்?”

“எங்கம்மாகிட்ட சொல்ல முடியாதுடா. நைனா செத்தப்ப அது கெடந்தது உனக்குத் தெரியாது. என் பொழப்பும் அதால போச்சுன்னு தெரிஞ்சா உசுர வெச்சுக்காது.”

“பைத்தியக்காரா! வேல கெடச்சா எல்லாம் சரியாப் போவும்டா.”

“கெடைக்கலன்னா?”

எலியேசர் திருவாலங்காடு வரைக்கும் திட்டினான், அரக்கோணத்தில் இறங்கும்போது கண் கலங்கி, “உன்ன மாதிரி ஒரு முட்டாள நான் பாத்ததே இல்லடா” என்று சொல்லிவிட்டுப் போனான். கேட்கிற உங்களுக்கும் கோபம் வரும். வரட்டும். அவன் செய்தது சரி என்று நானும் சொல்ல வரவில்லை. ஆனால் சுவரில் மோதிய அந்தத் தலையைப் பிடித்து நிறுத்தியது அவன் கை. நம் கை இல்லை.

ரிசல்ட் வந்தது. “தேறலம்மா” என்றான்.

ரத்தினம்மாள் முதலில் நம்பவில்லை. நம்பினபோது கோபம் மகன் மேல் திரும்பிற்று. சாமி மேல் கோபப்பட முடியாது. சொன்னபடி முடியை முன்கூட்டியே கொடுத்தாயிற்று, அவள் பக்கத்தில் ஒரு குறையும் இல்லை. அப்படியென்றால் குறை இவனிடம்தான். “ஊரு கேள்விக்கெல்லாம் பதில் சொல்லுவ, அங்க போயி இன்னாடா வாயில கொழுக்கட்டயா வெச்சிருந்த?” என்பாள். தண்ணீர்க் குழாயடியில் நின்றுகொண்டு, “எம்புள்ளக்கி மண்டயில ஒண்ணும் இல்லம்மா, எல்லாம் வாயிதான்” என்று நாலு பேர் கேட்கச் சொல்வாள். அவனுக்கென்று பேசி வைத்திருந்த மாமன் மகள் மணியம்மையை ரேணிகுண்டாவில் கொடுத்துவிட்டார்கள். அதற்கும் அவன் மண்டையைத்தான் குறை சொன்னாள். கஜபதி தலையைக் குனிந்துகொண்டு நாடாவை இழுப்பான்.

டீக்கடையும் மாறிப்போயிற்று. “உலகம் ஃபெயிலுப்பா!” என்று வீரபத்திரன் ஒருநாள் விளையாட்டாகச் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்குப் பிறகு எவனாவது கேள்வி கேட்டால், “தெரியாதுங்க” என்று சொல்லிவிட்டு டீயைக் குடிக்கப் பழகிக்கொண்டான். பத்து வயசில் எடுத்த சபதம் அப்படிப் போயிற்று. புத்தகங்களை எலியேசரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டான். தறிச் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது. வேறு கல்யாணப் பேச்சு எதுவும் கூடி வரவில்லை, அவனும் தேடவில்லை. முப்பது தாண்டியதும் காதோரம் நரைத்தது.

எண்பத்துநாலில் ரத்தினம்மாள் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டாள். படுத்த படுக்கை. கஜபதிதான் எல்லாம் செய்தான். சோறு ஊட்டி, உடம்பு துடைத்து, தூக்கித் திருப்பிப் படுக்கவைத்தான். தார் சுற்றுவதற்குப் பக்கத்து வீட்டுத் தாயம்மாளை வைத்துக்கொண்டான். படுக்கையில் கிடந்ததும் ரத்தினம்மாளின் கோபமெல்லாம் இற்றுப்போயிற்று. மகன் தன்னைத் தூக்கும்போது அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “உன்ன நெறைய பேசிட்டேன்டா கஜபதி” என்பாள்.

ஒரு மத்தியானம் சாப்பிட்டு முடித்து, வெற்றிலையை இடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவள் மெதுவாகக் கேட்டாள்.

“ஏண்டா, அந்தப் பரீட்சயில அப்டி இன்னாதான்டா கேட்டான்? நீ பதில் தெரியாம முழிக்கற மாதிரி?”

இத்தனை வருஷத்தில் அவள் கேட்காத கேள்வி. அவள் பேசின பேச்செல்லாம் ஏச்சுத்தானே. கஜபதி உரலிலிருந்து கையை எடுக்காமல் யோசித்தான். தனக்குத் தெரியாத கேள்வி ஒன்றைச் சொல்ல வேண்டும். மண்டைக்குள் தேடினான். கிடைக்கவில்லை! புத்தகத்தை விட்டு ஒன்பது வருஷமாகியும், எதை எடுத்தாலும் பதிலும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது. கடைசியில் கைக்கு வந்ததைச் சொன்னான்.

“நம்ம இந்தியாவுலயே ரொம்ப ஒசரத்துல இருக்கற ரயிலு ஸ்டேஷன் எதுன்னு கேட்டாம்மா. எனக்குத் தெரியல.”

ரத்தினம்மாள் அவனையே பார்த்தாள்.

“கூம்” என்றாள்.

கஜபதியின் கை நின்றுவிட்டது.

“டார்ஜிலிங் பக்கத்துல. கூம். நீதானடா கத்துவ, தறியில ஒக்காந்துகினு? நான் தார் சுத்திகினே கேட்டுகினு இருப்பேனே. எழுத்து தெரியாத எனக்கே மனப்பாடம் ஆயிப்போச்சு. உனக்கா தெரியாது?”

அவன் மறுபடி வெற்றிலையை இடிக்கத் தொடங்கினான்.

“உனக்குத் தெரியும். தெரிஞ்சி தேறாம எப்டிடா போவ?” அவள் குரல் தணிந்துகொண்டே வந்தது. “நீ எழுதவே இல்லியா? உள்ள விடலியா?”

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் அவள் பார்வை அவன் முகத்தை விட்டு மேலே போயிற்று. நரைத்துப்போன சுருட்டை முடியில் நின்றது. அதிலேயே வெகுநேரம் நின்றது. ஹால் டிக்கெட் வந்த அன்றைக்கு அந்தப் போட்டோவைத் தெருவெல்லாம் காட்டித் திருஷ்டி கழித்தவள் அவள்தான்.

“மொட்டயா கஜபதி?” என்றாள்.

“சீச்சீ, அதெல்லாம் இல்லம்மா!” என்று அவன் அவசரமாகச் சொன்னான். சொன்ன வேகமே காட்டிக்கொடுத்துவிட்டது.

அவள் கத்தவில்லை. தலையை மோதிக்கொள்ள உடம்பில் தெம்பும் இல்லை. “உங்க நைனாவும்... நீயுமாடா...” என்றாள். முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். கஜபதி அவள் காலைப் பிடித்துக்கொண்டு, “இல்லம்மா, நான்தாம்மா ஒழுங்கா படிக்கல, எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா” என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

அதற்கப்புறம் அவள் நாலு மாசம் உயிரோடு இருந்தாள். கொடுத்ததைச் சாப்பிட்டாள், திருப்பிப் போட்ட பக்கம் படுத்தாள். மகனிடம் ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் வேண்டுமா என்றுகூட அவன்தான் கேட்க வேண்டியிருந்தது.